விளக்கம்மாவின் வரலாறு

"காலைத் துடைங்க. ரெண்டு காலையும். ஒண்ணைத் துடைச்சிட்டு ஒண்ணை அப்படியே விட்டா எப்படிங்க?" என்று கேட்டுவிட்டு, துடைக்கிறார்களா என்று குனிந்தும் பார்க்கிறார் விளக்கம்மா. அவர் குனிந்து பார்த்தது கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதரின் காலணியை. நாலு பேரை அதட்டியே பழகிய முகம் அந்த மனிதருக்கு. முதல் வகுப்பில் சேர வந்த பிள்ளைபோல மறுபடியும் வாசலில் கிடந்த சாக்கில் காலைத் தேய்த்தார். எனக்கும் அதே கதிதான். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். "எழுதுறவங்க காலுல மண்ணு ஒட்டாதா?" என்றார். தேய்த்தேன்.

இடம், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை முனை. அங்கே மரம் கிடையாது. நட்டால் காற்று விடுவதில்லை. புல்கூட ஒரு பக்கமாகப் படுத்துத்தான் வளர்கிறது. நுனியில் வெள்ளையும் சிவப்புமாக நிற்கிறது கலங்கரை விளக்கம். வயது நூறைத் தாண்டிவிட்டது. விளக்கு இப்போது மின்சாரத்தில் தானே எரிந்து தானே அணைகிறது. அதற்கு ஆள் தேவையில்லை. பார்க்க வருகிறவர்களுக்குத்தான் ஆள் தேவைப்படுகிறது.

விளக்கம்மா குள்ளம். காற்றில் பறந்துவிடாமல் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றால் பின்னந்தலையில் கட்டியிருப்பார். கையில் எப்போதும் ஒரு விளக்குமாறு. அதை நீட்டித்தான் கடலைக் காட்டுவார், கண்ணாடியைக் காட்டுவார், கவனிக்காமல் செல்போனைத் தடவுகிறவரையும் காட்டுவார். கோபுரத்தை 'இவரு' என்றுதான் சொல்வார். "இவரு மூணு புயல் பாத்தவரு. ஒரு தும்மல்கூடப் போடலை." கடலுக்கு அந்த மரியாதை கிடையாது. "அது கெடக்குது கழுதை. கத்திக்கிட்டே கெடக்கும், நீங்க இங்க பாருங்க" என்பார்.

கலங்கரை விளக்கத்தில் விளக்கம் சொல்கிறவர், அதனால் விளக்கம்மா என்று நீங்கள் நினைத்தால் பாதிதான் சரி. மீதிப் பாதியை டிக்கெட் கொடுப்பவர் சொன்னார். அந்த அம்மா அங்கே பெருக்கத்தான் வேலைக்கு வந்தார். அப்போது தலைமை அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி இருந்தார். போனில்கூட எழுத்துத் தமிழில்தான் பேசுவார். வீட்டில் தண்ணீர் கேட்பதானாலும் 'அருள்கூர்ந்து' என்று ஆரம்பிக்கிற ரகம். ஒரு நாள் வழிகாட்டி காய்ச்சலில் படுத்துவிட, போனை எடுத்தது இந்த அம்மா.

"நாளைக் காலை வெளியூரிலிருந்து முக்கியமான குழு ஒன்று வருகிறது. வரும் குழுவினருக்கு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

"எத்தனை பேருக்குங்க ஐயா?"

"எட்டுப் பேருக்கு."

"எட்டா? நம்மகிட்ட ரெண்டுதானே இருக்கு?"

"இருப்பதை வைத்துச் சமாளியுங்கள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார் பெரியவர்.

சமாளிக்கிறதாவது! இந்த அம்மா பக்கத்துக் கடை, எதிர்க் கடையெல்லாம் ஏறி இறங்கி எட்டையும் சேர்த்துவிட்டார். மறுநாள் காலை, குழு வந்து இறங்கியதும் வாசலில் நின்று ஆளுக்கொன்று கையில் கொடுத்தார். குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. அவர் தன் கையிலிருந்ததை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "நீங்க கேட்டீங்களாமே, பெரிய ஐயா சொன்னாரு. எங்கேருந்து ஆரம்பிக்கிறீங்க? மேலேருந்து பெருக்கிட்டு வந்தாத்தான் சுத்தமா இருக்கும்" என்றார் இந்த அம்மா. நீதிபதி சிரிக்க ஆரம்பித்து, உட்கார இடம் தேடினாராம். விஷயம் புரிந்ததும் இந்த அம்மாவுக்கு மானம் போயிற்று. அதை மறைக்க வாயைத் திறந்து, இவரு எப்படி வந்தாரு தெரியுமா என்று கோபுரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்குத் திறந்த வாய் சார், இன்னும் மூடலை" என்றார் டிக்கெட்காரர்.

வந்தவர்கள் போய் ஆகா ஓகோவென்று சொல்ல, வழிகாட்டி வேலை இவருக்கே வந்து சேர்ந்தது. பெருக்கும் வேலையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "பேச்சு இன்னிக்கு இருக்கும், நாளைக்குத் தொண்டை கட்டிக்கும். குப்பை என்னிக்கும் இருக்கும்" என்பது அவர் கட்சி.

கோபுரத்தைப் பற்றி அச்சடித்த ஒரு மெல்லிய புத்தகம் உண்டு. கட்டிய ஆண்டு, உயரம், வெளிச்சம் தெரியும் தூரம் எல்லாம் அதில் இருக்கிறது. விளக்கம்மா அதைத் தொடுவதில்லை. "அதுல ஆளே இல்லைங்க. வெறும் கல்லா இருக்கு." அவர் சொல்லும் வரலாற்றில் ஆட்களுக்குப் பஞ்சமே இல்லை. கோபுரம் கட்ட வேண்டிய இடம் அடுத்த முனையாம். கல் ஏற்றி வந்த படகுக்காரர்கள் கை வலிக்கிறது என்று இங்கேயே இறக்கிவிட்டார்களாம். படி இவ்வளவு குறுகலாக இருப்பதற்குக் காரணம், வரைபடம் போட்டவர் ஒல்லியாம். கோபுரம் ஒரு பக்கமாகத் துளி சாய்ந்திருக்கிறதே, அது கொத்தனாரின் மாமியார் ஊரிலிருந்து வந்து இறங்கிய வாரம் கட்டிய பகுதியாம். காதில் பூச்சுற்றுகிறார் என்று தெரிந்தேதான் எல்லோரும் காதைக் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்தேன்.

உச்சிக்குப் போனதும் பெரிய கண்ணாடி விளக்கைச் சுற்றி நிற்க வைத்து, குரலை இறக்கி, கடைசிக் கதைக்கு வருவார். முதன்முதலில் விளக்கேற்றியவருக்கு இரண்டு பெண்கள். தாய் இல்லாப் பிள்ளைகள். ஒரு நாள் அப்பாவுக்கு மூச்சுத் திணறல். ஊருக்குக் கொண்டுபோகப் படகு வருகிறது. மூத்தவள் அப்பாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றுகிறாள். இளையவள் கோபுரத்தைப் பூட்டிவிட்டு வர வேண்டும், சாவி கிடைக்கவில்லை. தேடி எடுத்துக்கொண்டு ஓடி வந்து பார்த்தால் படகு அதோ, அலைக்கு அந்தப் பக்கம். அப்பா அந்தப் படகிலேயே கண்ணை மூடிவிடுகிறார்.

"பெரியவ ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம்ல? 'அடியே, வாடி'ன்னு ஒரு வார்த்தை. கூப்பிடலைங்க. எங்க விட்டேன்? ஆங், கூப்பிடலை." பிறகு விளக்குமாற்றை எல்லோர் மூக்குக்கும் நேரே ஒரு சுற்றுக் காட்டி, "கேட்டதை அப்படியே வச்சுக்கங்க. கீழ போய் மாத்திக்கிட்டு வராதீங்க" என்பார்.

அந்தக் கடைசி வார்த்தை ஏன் என்று எனக்குக் கீழே இறங்கித்தான் புரிந்தது. முனையின் அடிவாரத்தில் ஒரே ஒரு டீக்கடை. கோபுரம் ஏறி இறங்கியவர்களால் அதைத் தாண்டிப் போக முடியாது, முழங்கால் விடாது. எனக்கும் படிக்கட்டுக்கும் எப்போதும் ஆகாது. பெஞ்சில் விழுந்தேன். கடைக்கார அம்மாள் உயரமானவர், பேச்சுக் குறைவு. டீயை என் முன்னால் வைத்துவிட்டு, கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மேல போனீங்களா? கூப்பிடலைன்னாளா?"

"யாரும்மா?"

"அந்த ரெண்டு பொண்ணு கதை. பெரியவ கூப்பிடலைன்னு சொல்லியிருப்பாளே. பொய். கூப்பிட்டா. காத்து அடிச்ச அடியில கேக்கலை. குடிங்க. டீக்குத்தான் காசு, உண்மைக்குக் கிடையாது."

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புதுக் கல்யாண ஜோடி இதைக் கேட்டதும் துள்ளி எழுந்தது. இளம் முழங்கால்கள்! நேரே மறுபடியும் மேலே ஓடி, "கூப்பிட்டாங்களாமே?" என்று கேட்டுவிட்டு வந்தார்கள். விளக்கம்மாவின் பதிலை மூச்சு வாங்க ஒப்பித்தார்கள்: "அந்தக் கடையில பாலுல மட்டும்தான் தண்ணி கலக்குறாங்கன்னு நெனச்சேன்." டீக்கடை அம்மாள் அசரவில்லை. ஒரு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "எப்பவும் பேசிக்கிட்டே இருக்கிறவளுக்குக் காது எதுக்கு? அதான் கேக்கலை" என்றார். ஜோடி மறுபடியும் மேலே பார்த்தது. பையன் மட்டும் வேண்டாம் என்று தலையாட்டினான்.

இது அன்றாடம் நடக்கிற கூத்தாம். ஒரு முறை பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து, பாதிப் பேர் மூத்தவள் கட்சி, பாதிப் பேர் இளையவள் கட்சி என்று பிரிந்து, திரும்பிப் போகிற பஸ்ஸில் அடிதடி ஆகிவிட்டதாம்.

"முதல்ல விளக்கேத்துனவருக்கு உண்மையிலேயே ரெண்டு பொண்ணா?" என்று டிக்கெட்காரரைக் கேட்டேன்.

"அவருக்குக் கல்யாணமே ஆகலை சார்."

"அப்போ அந்தப் பொண்ணுங்க?"

"ஒண்ணு மேல பெருக்குது. ஒண்ணு கீழ டீ ஆத்துது."

இருவரும் கூடப் பிறந்தவர்கள். கதையில் வரும் அப்பா, நிஜத்தில் அம்மா. படகு, ஒரு வாடகை வேன். அம்மாவுக்கு மூச்சு முட்டிய அன்று அக்காதான் தாங்கிப் பிடித்து வேனில் ஏற்றியிருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டு வரப் போன தங்கைக்குச் சாவி அகப்படவில்லை. ஓடி வந்தபோது வேன் தெருமுனை திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அம்மா போய்விட்டார். கூப்பிட்டேன் என்றார் அக்கா, கூப்பிடவில்லை என்றார் தங்கை. துக்க வீட்டில் ஆரம்பித்த அந்தப் பேச்சு முற்றி, அதோடு பேச்சே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.

"நேருக்கு நேர் நின்னு கேட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிரும் சார். ரெண்டும் கேக்காது. வர்றவங்க போறவங்களை வச்சு வழக்கு நடத்துறாங்க. நான் டிக்கெட் கிழிக்கிற ஒவ்வொருத்தரும் சாட்சிக் கூண்டுல ஏறித்தான் வீட்டுக்குப் போறாங்க" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் டிக்கெட்காரர். உடனே ஒருவர் வந்து டிக்கெட் கேட்க, இன்னொரு சாட்சியை உள்ளே அனுப்பினார்.

நான் ஒரு நாளில் முடித்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். தங்கிவிட்டேன். பத்திரிகைக்காக என்று ஆசிரியரிடம் சொன்னேன். உண்மையில் கூப்பிட்டாளா இல்லையா என்று தெரியாமல் எனக்கு ஊர் போகக் கால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை, கண்ணாடி விளக்கைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் போகிற போக்கில் சொன்னார்: "கீழ டீக்கடையை மூடுறாங்களாம். ஞாயித்துக்கிழமை மகன்கிட்டப் போறாங்களாம், கப்பல்ல. இனிமே அங்கேதானாம்." விளக்கம்மா நொடிகூட யோசிக்கவில்லை. "மூடட்டும். இனிமேலாவது வர்றவங்க நல்ல டீ குடிக்கட்டும்" என்றார். கூட்டம் சிரித்தது. பிறகு கதையை ஆரம்பித்தார். அப்பாவுக்கு மூச்சுத் திணறியது, படகு வந்தது, மூத்தவள் ஏற்றினாள். அதோடு நின்றுவிட்டது. "எங்க விட்டேன்?" என்று கேட்டார். வழக்கமாக அது எங்களுக்கு வைக்கும் பரீட்சை. அன்று நிஜமாகவே தெரியாமல் கேட்டார். "சாவி" என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள். "ஆமா, சாவி" என்றார். சாவியைத் தாண்டிக் கதை நகரவேயில்லை.

எல்லோரும் இறங்கிய பிறகு, ஏற்கெனவே பெருக்கிய படியையே பெருக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. "போய் ஒரு வார்த்தை பேசிடுங்களேன்மா" என்றேன்.

"என்னத்தைப் பேச? முட்டிவலிக்காரி. கடல் தாண்டினா அவ்வளவுதான், திரும்பி வரப்போறதில்லை." கொஞ்ச நேரம் பெருக்கினார். "அம்மா கடைசியா என்ன சொன்னாங்கன்னு அவ ஒருத்திக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டாங்களா, கேக்கலையான்னு. அதையும் மூட்டைகட்டிக் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போறா."

"நான் வேணா கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம். அது மூணாம் மனுஷன் வாயில வரக்கூடாது" என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொன்னார். "தள்ளி நில்லுங்க, காலடியில குப்பை."

மறுநாள் சனிக்கிழமை. பிற்பகல் டிக்கெட் ஜன்னலில் ஒரு வாக்குவாதம். டீக்கடை அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு எதுக்குக்கா டிக்கெட்? சும்மா போங்க."

"கிழிச்சுக் குடு. டிக்கெட் வாங்கினவங்கதானே கேள்வி கேக்கலாம்?"

டிக்கெட்காரர் கிழித்த கையோடு ஜன்னலை இழுத்து மூடிவிட்டு எங்களோடு வரிசையில் வந்து நின்றார். மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் விளக்கம்மா. அக்காவைப் பார்த்தார், பார்க்காததுபோல எங்கள் தலைக்கு மேலே பார்த்தார். "எல்லாரும் காலைத் துடைங்க" என்று பொதுவாகச் சொன்னார். அக்கா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் துடைத்தார். இந்தத் தடவை விளக்கம்மா குனிந்து பார்க்கவில்லை.

விளக்குமாறு அன்று வாசலிலேயே தங்கிவிட்டது. ஏற ஆரம்பித்தோம். வழக்கமாக விளக்கம்மா ஆடு மாதிரி ஏறுவார். பின்னால் வருகிறவன் செத்தானா பிழைத்தானா என்று கேட்கமாட்டார். அன்று முதல் வளைவிலேயே நின்றார். "இங்க ஒரு நிமிஷம் நில்லுங்க. இந்த ஜன்னல் ரொம்ப முக்கியமான ஜன்னல்." என்ன முக்கியம் என்று சொல்லவில்லை. எல்லோரும் ஜன்னலை மரியாதையோடு பார்த்தோம். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டார். அடுத்த வளைவில் ஒரு ஆணி முக்கியமானதாயிற்று. அதற்கடுத்து, ஒன்றுமே இல்லாத ஒரு சுவர். "இதையும் நல்லாப் பாத்துக்கங்க" என்றார். கேமராக்காரர் ஒருவர் அந்தச் சுவரைப் படமே பிடித்துக்கொண்டார். ஐயா, எத்தனை வருஷம் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்!

உச்சியில், கண்ணாடி விளக்கைச் சுற்றி வெளியே வரும் நடைபாதையில் காற்று ஆளைத் தள்ளியது. விளக்கம்மா கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கதையைத் தொடங்கினார். பாடம் ஒப்பிக்கிற மாதிரி வேகமாகச் சொன்னார். மூச்சுத் திணறல், படகு, சாவி. "பெரியவ கூப்பிடலை" என்று சொல்லி வாயை மூடவில்லை, கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்க."

"கூப்பிடலைன்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"வரலாறு சொல்லுது."

"வரலாறு அங்க நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

கூட்டம் சுவாரஸ்யமாகி வழிவிட்டது. அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டே முன்னால் வந்தார்.

"ரெண்டு தரம் கூப்பிட்டா அவ. பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டா. வண்டியில இஞ்சின் போட்ட சத்தத்துல கேக்கலை. ஒரு கையில அம்மா தலை சரியுது, எப்படி இறங்கி ஓடி வர்றது?"

"படகுதானேங்க? அப்பாதானேங்க?" என்றார் கேமராக்காரர்.

"படகுதான். படகு இஞ்சின்."

"அந்தக் காலத்துல இஞ்சின் ஏதுங்க?"

"நீங்க சும்மா இருங்க!" என்றார்கள் அக்காவும் தங்கையும் ஒரே நேரத்தில், ஒரே குரலில்.

விளக்கம்மா மூக்குக்கண்ணாடிக் கயிற்றை இழுத்து இறுக்கினார். பிறகு எங்கள் யாரையும் பார்க்காமல், "படகுல போகும்போது, அவங்க... சின்னவளைக் கேட்டாங்களா?" என்றார்.

"கேட்டாங்க. வேற எதையும் கேக்கலை. 'சின்னவ எங்க? பூட்டிட்டு வர்றாளா?'ன்னாங்க. 'பின்னாடியே வர்றாம்மா, அதோ வந்துட்டா'ன்னு சொன்னேன். 'சரி, அவ வந்துருவா'ன்னுட்டுத்தான் என் மடியில படுத்தாங்க. அப்புறம் எழுந்திரிக்கலை." அக்கா நேராகத் தங்கையின் முகத்தைப் பார்த்தார். "உன்கிட்ட இதைச் சொல்லத்தான்டி அன்னிக்கு வந்தேன். நீ சொல்ல விட்டாத்தானே!"

டிக்கெட்காரர் கடல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புரியாமல் நின்ற ஒரு சிறுமி மட்டும், "அப்புறம் அந்தச் சின்னவ என்ன ஆனாங்க?" என்று கேட்டாள்.

"சொல்றேன், இரு, அவசரப்படாதே" என்றார் விளக்கம்மா. அக்காவின் ஸ்வெட்டரில் பட்டன்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன. ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே, நடுவில் காற்று புகுந்து உப்பிக்கொண்டிருந்தது. "அந்தச் சின்னவ இருக்காளே, அவளுக்குக் கொஞ்சம் காது மந்தம்" என்று சிறுமியைப் பார்த்துக் கதையைத் தொடர்ந்துகொண்டே, அக்காவைத் தன் பக்கம் திருப்பி, கீழேயிருந்து ஒவ்வொரு பட்டனாகக் கழற்றி, அதனதன் துளையில் மாட்டிக்கொண்டு போய், கழுத்துப் பட்டன்வரைக்கும் போட்டுவிட்டார்.